ஊஞ்சல், பத்தாயம், நாற்காலி

ஸ்ரீரங்கம் கோயிலின் சரித்திரத்தை அறிய விரும்புபவருக்கு ஆதாரங்களில் குறைவில்லை. மதில்களிலும் மண்டபங்களின் அதிஷ்டானங்களிலும் சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார் காலத்துக் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எந்த அரசர் எந்தக் கைங்கரியத்தைச் செய்தார், எந்த மண்டபத்தை எவர் எழுப்பினார் என்பவற்றைக் கோயிலொழுகு வரிசைப்படுத்திச் சொல்லுகிறது. ஆனால் அந்த மதில்களுக்குள்ளேயே, உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, நம்பெருமாள் வீதியில் எழுந்தருளும்போதெல்லாம் வாசலில் கோலமிட்டுக் காத்து நின்ற குடும்பங்களின் சரித்திரத்தை எங்கே போய்ப் படிப்பது? பிறந்த நாழிகையைக் குறித்த ஜாதகமும், நிலத்துக்குரிய பத்திரமும், சில வீடுகளில் செல்லரித்த கணக்குச் சிட்டையும் தவிர, ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது, எவரை உட்கார வைத்தது, எவரை நிற்க வைத்தது என்பதற்குக் காகிதச் சாட்சியம் கிடையாது.

மரச் சாட்சியம் உண்டு. கூடத்து உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சல், அரங்கு உள்ளில் இருட்டில் நிற்கும் பத்தாயம், ரேழியில் கிடக்கும் பிரம்பு நாற்காலி, பெருமாள் உள்ளில் உள்ள கோயிலாழ்வார் ஆகியவற்றைச் சற்று நிதானித்துப் பார்ப்போமாயின், ஒரு குடும்பத்தின் கதையோடு காவேரிப் பாசனத்தின் கதையும், பர்மாக் காடுகளின் கதையும், ரயிலின் கதையும், இரண்டாம் உலக யுத்தத்தின் கதையும், நிலச் சட்டங்களின் கதையும் அந்த மரத்தில் பதிந்திருப்பதை அறியலாம். அந்தக் கதையைச் சொல்வதும், சாட்சிகள் வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன் அவற்றிடமிருந்து வாக்குமூலம் வாங்கி வைக்க வேண்டும் என்று சக குடும்பஸ்தர்களைக் கேட்டுக்கொள்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஸ்ரீரங்கத்து வீட்டில் சாமான்கள் மிகச் சில. அகலம் குறைந்து நீளம் மிகுந்த அந்த வீடுகளில், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையலறை, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அமைப்பிலேயே உட்காரவும் படுக்கவும் சாயவும் வேண்டிய வசதிகள் அடங்கியிருந்தன. திண்ணையின் ஒரு கோடியில் சுண்ணாம்புக் காரையிலேயே சரிவாக எழுப்பி மெழுகிய சாய்வுத் திண்டு, பகலில் வீட்டுக்காரருக்கும் இரவில் வழிப்போக்கருக்கும் தலையணையாயிற்று. வைகுண்ட ஏகாதசிக்கு வெளியூரிலிருந்து வந்து சேரும் யாத்திரிகர்களில் எத்தனையோ பேர் இந்தத் திண்ணைகளிலேயே இரவைக் கழித்து, விடியுமுன் பரமபதவாசலுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். கூடத்துத் தூணே பெண்களுக்குச் சாய்மானம். சாப்பிடுவதற்கு மணைப்பலகை; ஜபத்துக்குக் கூர்மத்தின் வடிவாகச் செதுக்கிய ஆசனப்பலகை; பிரபந்தமோ ராமாயணமோ பாராயணம் செய்வதற்கு வியாசபீடம். மற்றவை எல்லாம் சுருட்டி வைக்கக்கூடியவை.

சுருட்டி வைக்கக்கூடிய அந்தச் சாமான்களைக் கொடுத்ததும் காவேரியே. முசிறிப் பக்கத்து ஆற்றுப் படுகையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்தி, சாயமேற்றி நெய்த பாய்கள் திருச்சிராப்பள்ளிக் கடைவீதிக்கு வந்து வீடுகளை நிறைத்தன. அதே ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் பவானியிலிருந்து பட்டை பட்டையாக வண்ணமிட்ட ஜமக்காளங்கள் வந்தன. கல்யாணமானாலும் கச்சேரியானாலும் அவற்றை விரித்தவுடன் கூடம் சபையாயிற்று. மறுநாள் மடித்துப் பரணில் வைத்தவுடன் மீண்டும் கூடமாயிற்று. ஒரே இடம் காலையில் பூஜைக்கும், பகலில் பந்திக்கும், மாலையில் குழந்தைகளின் பாடத்துக்கும், இரவில் சயனத்துக்கும் உபயோகமானதற்கு இந்தப் பாய்களும் ஜமக்காளங்களுமே காரணம். நிலையான சாமான்கள் புகுந்த பிறகுதான் இன்ன அறை இன்ன காரியத்துக்கு என்ற பாகுபாடு நம் வீடுகளில் வேரூன்றியது.

இதனால் கட்டிலும் ஆசனமும் தமிழர் அறியாதவை என்று எண்ணிவிடலாகாது. உறையூரில் சோழர் ஆண்ட சங்ககாலத்திலேயே கட்டில் அரச கௌரவத்தின் சின்னம். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவி படுத்திருந்த கட்டில் யானைத் தந்தத்தால் இழைக்கப்பட்டது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில் அறியாமல் ஏறி உறங்கிவிட்ட மோசிகீரனாரைத் தண்டிக்காமல், அரசனே அருகில் நின்று கவரி வீசினான் என்பதைப் புறநானூற்றினால் அறிகிறோம். உயரமான ஆசனம் அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியது, மற்றவர்க்குத் தரையே போதும் என்ற மனோபாவம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. அரங்கனே அரவணையில் சயனித்திருக்கும் ஊரில், அவருடைய அடியார்கள் பாயில் படுப்பதைக் குறையாக எண்ணவில்லை.

அந்தத் தரை வாழ்க்கையில் தரையை விட்டு எழும்பியிருந்த முக்கியமான ஆசனம் ஊஞ்சல். தேக்கிலோ பலாவிலோ ஒரே பலகையாக இழைத்து, நான்கு மூலைகளிலும் வளையம் பூட்டி, இரும்புச் சங்கிலியாலோ பித்தளைச் சங்கிலியாலோ உத்தரத்தில் மாட்டுவார்கள். வசதியுள்ள வீடுகளில் அந்தப் பித்தளைச் சங்கிலியின் கண்ணிகளுக்கிடையே கிளியும் யானையும் அன்னமும் வார்க்கப்பட்டிருக்கும்; வருஷத்துக்கொரு முறை, பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டியோ நவராத்திரிக்கு முன்போ, அவற்றைக் கழற்றிப் புளியிட்டுத் துலக்குவது வீட்டுச் சிறுவர்களின் வேலை. மத்தியான்னத்தில் அது வீட்டுத் தலைவரின் படுக்கை; மாலையில் குழந்தைகளின் விளையாட்டுக் களம்; கோடை இரவில் முற்றத்துக் காற்றை நாடும் முதியவரின் மஞ்சம். ஆளில்லாத ஊஞ்சலை ஆட்டக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுப் பாட்டியும் அதட்டியிருக்கிறாள்.

கல்யாணத்தில் ஊஞ்சலுக்குரிய ஸ்தானம் யாவரும் அறிந்ததே. மாலை மாற்றிக்கொண்ட மணமக்களை ஊஞ்சலில் அமர்த்தி, பாலும் பழமும் கொடுத்து, சுமங்கலிகள் வண்ணமேற்றிய அன்ன உருண்டைகளைச் சுற்றி நாலு திக்கிலும் எறிந்து திருஷ்டி கழித்து, லாலி பாடுவார்கள். கல்யாணங்கள் வீட்டிலேயே நடந்த காலத்தில், ஒரே ஊஞ்சல் பலகையில் கொள்ளுப்பாட்டியும் பாட்டியும் தாயும் மகளும் மணப்பெண்களாக அமர்ந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, அந்தப் பலகைக்குக் குடும்பத்தின் வம்சாவளியில் ஓர் இடம் உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது. கோயிலிலும் ஐப்பசி மாதத்தில் நம்பெருமாளுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. வீட்டுப் பழக்கமும் கோயில் உற்சவமும் ஒன்றையொன்று தழுவி நிற்பது இவ்வூரின் இயல்பு.

அந்தத் தழுவலுக்கு மற்றொரு சான்று, வைஷ்ணவ வீடுகளின் பெருமாள் உள்ளில் இருக்கும் கோயிலாழ்வார். இரண்டு சிறு கதவுகளும், மேலே விமானம் போன்ற வேலைப்பாடும் கொண்ட இந்த மரப் பேழைக்குள் சாளக்கிராமங்களும் விக்கிரகங்களும் எழுந்தருளியிருக்கும். தளிகை அமுது செய்வித்த பின்னரே வீட்டார் சாப்பிடுவார்கள். பிறகு அந்தக் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். வீட்டுச் சாமான்களில் பாகப்பிரிவினையின்போது விலை பேசப்படாதது இது ஒன்றுதான். ஆராதனையை ஏற்றுக்கொள்ளும் பிள்ளையிடம் அது சேரும். பாகப்பிரிவினையில் ஊஞ்சலுக்காக வழக்காடிய சகோதரர்கள் கூடக் கோயிலாழ்வாரின் எதிரே ஒன்றாக நின்று சேவித்தார்கள்.

இனி, பத்தாயத்தைப் பார்ப்போம். லால்குடி, முசிறி, குளித்தலைப் பக்கங்களில் நிலம் வைத்திருந்த ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களுக்கு வருஷ ஜீவனம் அதற்குள் இருந்தது. நாலு மூலைகளிலும் காடி எடுத்த கனத்த கால்களை நிறுத்தி, அந்தக் காடிகளில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி எழுப்பும் இந்தக் களஞ்சியத்தில் ஆணிக்கு வேலை குறைவு. வேண்டும்போது பிரித்து, வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். மேலே பூட்டுள்ள ஒரு கதவு. கீழே, ஒரு கை நுழையுமளவுக்குத் தள்ளித் திறக்கும் ஒரு பலகை. மேல்வழியாகக் கூடை கூடையாக நெல்லைக் கொட்டி, பூச்சி அண்டாதிருக்க வேப்பிலையை இடையிடையே பரப்பி, கீழ்வழியாக மரக்காலால் அளந்து எடுப்பார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனி, ஆடியில் நெல் அடிமட்டத்துக்கு வந்ததும், வீட்டில் எந்தக் குழந்தை ஒல்லியோ அதனை மேல்வழியாக உள்ளே இறக்கி, மூலைகளில் ஒட்டியிருப்பதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை சில கோடைகளில் எனக்கு வாய்த்தது. உள்ளே நின்றால் நெல்லின் உமிச்சுணை உடம்பெல்லாம் அரிக்கும். பலாமரத்தின் வாசனையும் காய்ந்த வேப்பிலையின் வாசனையும் சேர்ந்து மூச்சை அடைக்கும். பலகைகளின் இடுக்குகளில் மட்டும் நூலாக வெளிச்சம் தெரியும். வெளியிலிருந்து பாட்டி, "ஆச்சாடா கண்ணா, தென்மூலையைப் பார்த்தாயா?" என்று கேட்கும் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லாமல் நகர்வது தர்மமாகாது. அந்தப் பத்தாயத்தை நிறைத்த நெல்லை உழுது, நட்டு, அறுத்து, வண்டியேற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார இடமிருந்ததில்லை. வீட்டுக்குள்ளேயும் ஆசனங்களுக்கு அதிகாரம் உண்டு. மாமனார் கூடத்தில் இருக்கையில் மருமகள் ஊஞ்சலில் அமரமாட்டாள். கணவனை இழந்த பெண்ணுக்கு மெத்தையும் தலையணையும் மறுக்கப்பட்டு, வெறுந்தரையும் தலைக்கு ஒரு மணைக்கட்டையும் விதிக்கப்பட்டிருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. அத்தகைய மணைகள் பல வீடுகளில் தலை பட்டுத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. வீட்டு மரச்சாமான்களைப் பெருமிதத்தோடு நினைக்கிறவர்கள் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

நாற்காலி இந்த உலகத்துக்குள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தது. 1750-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காகப் போர் புரிந்தபோது, பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் கோயில் மதில்களையே அரணாகக் கொண்டு தங்கி, 1752-இல் சரணடைந்தது. 1801-இல் கர்நாடக நவாபின் ஆட்சி முடிந்து கம்பெனியாரின் நிர்வாகம் நேரடியாக ஏற்பட்டது. கண்டோன்மென்டில் பட்டாளத்து அதிகாரிகளின் பங்களாக்கள் பெருகின. மாற்றலாகிப் போகும் துரைமார்கள் தங்கள் மேசை நாற்காலிகளைக் கப்பலேற்றிக்கொண்டு போவதில்லை. ஏலத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அவ்வாறு ஏலத்தில் எடுத்த சாமான்களைப் பார்த்து, அதே அளவில், அதே வளைவில், நம் ஊர்த் தச்சர்கள் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தேர் செய்யவும் வாகனம் செய்யவும் கதவு நிலை செதுக்கவும் பழகிய கைகளுக்கு அது கடினமாக இல்லை. உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் கொண்டு வேலை செய்த அவர்கள், சீமை மாதிரி நாற்காலியின் முதுகில் அன்னப்பட்சியையும் தாமரையையும் சேர்த்துவிட்டார்கள். கடைசல் பிடித்த கால்களில் கோயில் தூணின் சாயல் இறங்கியது.

நாற்காலிக்கும் மேசைக்கும் உண்மையான தேவையை உண்டாக்கியவை கல்வியும் உத்தியோகமும். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. 1919-இல் நேஷனல் கல்லூரி ஏற்பட்டது. தரையில் சாய்வு மேசை வைத்துச் சம்மணமிட்டுக் கணக்கெழுதிய வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து படித்து, வக்கீல்களாகவும் ரயில்வே குமாஸ்தாக்களாகவும் ஆனார்கள். வக்கீல் வீட்டின் ரேழி, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரிகளில் சட்டப் புத்தகங்கள் அணிவகுக்க, கட்சிக்காரர்களுக்கு ஒரு நீள பெஞ்சும் வக்கீலுக்கு ஒரு கைநாற்காலியுமாக ஆபீஸ் அறையாயிற்று. கச்சேரிக்கும் ஆபீசுக்கும் கோட்டு அணிந்து போகத் தொடங்கியவுடன், கோட்டு மாட்டும் ஸ்டாண்டும், தலைப்பாகையைச் சரிபார்க்கும் சாய்வுக் கண்ணாடியும் வந்தன. ஆனால் உள்ளே, கூடத்தைத் தாண்டி, இவை வெகுகாலம் நுழையவில்லை. வாசலில் நாற்காலி, உள்ளே மணை என்று இரண்டு உலகங்கள் ஒரே கூரையின்கீழ் அரை நூற்றாண்டுக்கு மேல் சமாதானமாக வாழ்ந்தன.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய மரம் எங்கிருந்து வந்தது? படுகையில் வளரும் பூவரசும் வேம்பும் வாகையும் சாதாரணக் கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் போதும். மேற்கு மலைகளின் தேக்கும் ஈட்டியும் ஓரளவு கிடைத்தன. மலபாரில் நிலம்பூரில் 1840-களிலேயே ஆங்கிலேயர் தேக்குத் தோட்டம் வைத்தார்கள். எனினும் நம் பாட்டனார் காலத்து வீடுகளில் "இது பர்மாத் தேக்காக்கும்" என்று தட்டிக் காட்டப்படும் சாமான்களின் மூலம் கடலுக்கு அப்பால் இருந்தது. 1852-இல் ரங்கூனும், 1885-இல் மாண்டலே உள்ளிட்ட வடபர்மாவும் ஆங்கிலேயர் வசமாயின. 1863-இல் தோன்றிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பொரேஷன் போன்ற கம்பெனிகள் தேக்கங்காடுகளைக் குத்தகைக்கு எடுத்தன. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகையால் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிலும் வளையமாக வெட்டி, அது நின்ற நிலையிலேயே பட்டு உலரும்படி ஓரிரண்டு வருஷங்கள் விட்டுவிடுவார்கள். பிறகு சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கரைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் தள்ளி, ஐராவதி ஆற்றில் தெப்பங்களாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். அங்கே அறுத்து வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மரம், நம் கரையில் இறங்கிய பின் ரயிலேறியது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1862-இலேயே ரயில்பாதை வந்துவிட்டது. நகரில் மரக்கடை என்ற பெயரோடு ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. 

ரயில் மரத்தைக் கொண்டுவந்ததோடு நில்லாமல் மரவேலைக்கும் இடமளித்தது. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928-இல் மாற்றப்பட்டது. அக்காலத்து ரயில் பெட்டிகளுக்கு உடல் தேக்குமரம். ஆகவே இரும்புப் பட்டறைக்கு இணையாகத் தச்சுப் பட்டறையும் அங்கே சிறந்து விளங்கியது. மறு வருஷம் விழுப்புரத்திலிருந்து நேர்ப்பாதை திறக்கப்பட்டபோது, ஸ்ரீரங்கம் அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷனாயிற்று. ரயில்வே உத்தியோகஸ்தர்கள் ஊர் ஊராக மாற்றலாகும்போது மடக்கு நாற்காலியும், பிரித்துப் பூட்டக்கூடிய கட்டிலும், துணிச் சாய்வு நாற்காலியும் அவர்களோடு பிரயாணம் செய்து, ஓய்வுபெற்ற பின் உத்தர வீதிக்குத் திரும்பின. கோடுபோட்ட கித்தான் துணியின் இரு முனைகளிலும் உறை தைத்து, அதில் கம்பைச் செருகி மாட்டும் அந்தச் சாய்வு நாற்காலியில் ஓய்வூதியம் பெறுபவர் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு அமர்ந்திருந்த காட்சி ஒரு தலைமுறை முழுவதற்கும் ஞாபகமிருக்கும்.

பிரம்பு நாற்காலிக்கு ஆயுள் தேக்கில் இருந்தது. அதன் சௌகரியமோ பின்னலில் இருந்தது. சில வருஷங்களுக்கொரு முறை பின்னல் அறுந்தபோது வாசலுக்கே வந்து பின்னிக் கொடுக்கும் தொழிலாளியை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். பழைய நாரை அறுத்தெறிந்து, சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளைத் தமரூசியால் சுத்தம் செய்து, தண்ணீரில் ஊறிய பிரம்பு நாரை முதலில் முன்னிருந்து பின்னாக ஒரு வரிசை இழுப்பார்; அதன்மேல் இடமிருந்து வலமாக ஒரு வரிசை; மீண்டும் முன்பின்னாக ஒன்று; நான்காவது வரிசையை அவற்றின் ஊடே ஏற்றி இறக்கிக் கோப்பார்; கடைசியில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு வரிசைகள். குறுக்கு வரிசை ஓடஓடச் சதுரமாக இருந்த கண்கள் எண்கோணமாக மாறிவிடும். துளைகளின்மேல் ஓர் அகலமான பட்டையை வைத்துக் கட்டிக் கரையை முடித்து, நிழலில் உலரவிட்டால் நார் தானே சுருங்கி விறைக்கும். விரலால் சுண்டினால் கணீரென்று சப்தம் கொடுக்கும். பார்வையற்றோர் பள்ளிகளில் இதனைக் கைத்தொழிலாகக் கற்பித்தார்கள். அரசாங்க அலுவலகங்களின் எத்தனையோ நாற்காலிகளை விரல்நுனியின் அறிவு ஒன்றையே கொண்டு அவர்கள் பின்னியிருக்கிறார்கள். நைலான் வயர் வந்து இந்தத் தொழிலைத் தள்ளியது. மோல்டிங் செய்த பிளாஸ்டிக் நாற்காலி அதனையும் தள்ளியது.

மாறுதலின் முதல் அடி 1942-இல் விழுந்தது. அவ்வருஷம் மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பர்மாவில் வியாபாரமும் உத்தியோகமும் செய்துவந்த தமிழர்களில் பலர் காட்டுவழியாக நடந்தே அஸ்ஸாமை அடைந்து, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் போலவே பர்மாத் தேக்கின் வரவும் நின்றது. அதற்குப் பின் செய்த சாமான்களையும் முன் செய்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பலகையின் அகலத்திலேயே வித்தியாசம் தெரியும். முன்னது ஒரே பலகை. பின்னது இரண்டு மூன்று பலகைகளின் ஒட்டு.

இரண்டாவது அடி நிலத்தின் வழியாக வந்தது. நியாயத்தின் பெயரால் வந்தது. 1955-இலும் 1956-இலும் குத்தகைதாரர் பாதுகாப்பு, நியாய வாரம் ஆகியவற்றுக்கான சட்டங்களும், 1961-இல் முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்த சட்டமும், 1970-இல் அதனைப் பதினைந்தாகக் குறைத்த திருத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்து நெல்லை எதிர்பார்த்த வாழ்க்கை முடிந்தது. வண்டி வராத வீட்டில் பத்தாயம் எதற்கு? பழைய பாத்திரங்களும் படுக்கைகளும் அடைக்கும் இடமாகச் சில காலம் இருந்துவிட்டு, பிறகு பிரிக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் பலகைகள் இரண்டு கட்டில்களாகவும் ஒரு புத்தக அலமாரியாகவும் ஆயின. அலமாரியின் பக்கப் பலகை ஒன்றில், கலக் கணக்குக்காக எவரோ ஆணியால் கீறிய கோடுகள் ஐந்தைந்தாக இன்னும் இருக்கின்றன. இழைப்புளி போடும்போது அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடும்படி தச்சரிடம் கேட்டுக்கொண்டவர் என் தகப்பனார்.

அதற்கிணையாக இரும்பு வந்தது. 1897-இல் பம்பாயில் பூட்டுத் தொழிலாகத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் எஃகு அலமாரியை வெளியிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ கல்யாணச் சீரில் தவிர்க்க முடியாத இடத்தைப் பிடித்துவிட்டது. கறையானும் திருடனும் அண்டமாட்டார்கள் என்ற தைரியம் அதற்குக் காரணம். 1960-களில் திருவெறும்பூரில் பாரத் மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை எழுந்து, அதனைச் சுற்றி இரும்புப் பட்டறைகள் பெருகியபோது, திருச்சி இரும்பு வேலைக்கே பெயர்பெற்ற நகரமாயிற்று. குவார்ட்டர்ஸ் வீட்டின் அளவான அறைக்கு ஊஞ்சல் ஒவ்வாது. அதன் கான்கிரீட் கூரையில் உத்தரமும் இல்லை, வளையமும் இல்லை.

1977 நவம்பரில் புயல் மழையினால் திருச்சி நகரத்தின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த பின் வீடுகளை அலசிக் கழுவியவர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒட்டுப்பலகைச் சாமான்கள் ஊறி உப்பிப் பிளந்துவிட, சேறு படிந்த தேக்குக் கட்டில்கள் நிழலில் உலர்ந்ததும் பழைய நிலைக்கு வந்தன. கறுத்துப்போன இடத்தில் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் மெல்லத் தேய்த்து மெருகேற்றினால், மரத்தின் ரேகைகள் மீண்டும் எழுந்து வரும். மரம் தன்னை வளர்த்த ஆற்றையும் மழையையும் அறியும் என்று ஒரு பழைய ஆசாரியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வெள்ளத்துக்குத் தப்பிய சாமான்கள் இப்போது வேறொரு பிரவாகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழ, ஊஞ்சல் சங்கிலியும் கடைசல் தூணும் கோயிலாழ்வாரின் கதவும்கூடக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து ஓட்டல்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. தோப்பில் முஹம்மது மீரான், வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்று உண்ணும் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைச் 'சாய்வு நாற்காலி' நாவலில் எழுதினார். அதற்கு 1997-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவர் எழுதியது தென்கோடிக் கடற்கரையின் கதை. நம் வீதிகளில் வறுமையைவிட இடமின்மையும் தூரமுமே விற்பனைக்குக் காரணம். ஆனாலும் சாமான் வாசலைத் தாண்டும்போது அதன் கதை பின்தொடர்ந்து போவதில்லை என்பது இரண்டுக்கும் பொது. ஓட்டலின் முகப்பில் அழகுக்காகத் தொங்கும் ஊஞ்சலில், எந்தெந்தப் பெண்கள் எந்தெந்த வருஷத்தில் மணப்பெண்களாக அமர்ந்தார்கள் என்பதை எவராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் காப்பாற்றி வையுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஆறடிப் பலகையை எங்கே மாட்டுவது? மேலும், நாற்காலியில் அனைவரும் சமமாக உட்காரும் இன்றைய வீடு, ஊஞ்சலில் ஒருவர் இருக்க மற்றவர் நின்ற பழைய வீட்டைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பெயர்த்து நிறுத்தி, அவற்றின் சாமான்களோடு காட்டுகிறார்கள். திருச்சியில் ராணி மங்கம்மாள் மகாலில் உள்ள அருங்காட்சியகத்தில், அரசர்களின் சிலைகளுக்கும் ஆயுதங்களுக்கும் அருகில், காவேரிக்கரை வீடுகளின் பத்தாயத்துக்கும் மணைக்கும் முசிறிப் பாய்க்கும் ஓர் அறை ஒதுக்கலாம். அது அரசாங்கம் செய்யவேண்டியது.

குடும்பங்கள் செய்யவேண்டியது அதனினும் எளிது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு பழைய சாமானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அதன் நீளம், அகலம், எந்த மரம், எவர் செய்தது அல்லது எந்த ஏலத்தில் எடுத்தது, எந்தப் பிரசவத்தின்போது, எந்தக் கல்யாணத்தின்போது, எந்த மாற்றலின்போது வீட்டுக்கு வந்தது, அதில் எவர் உட்கார்ந்தார், எவர் உட்காரக் கூடாது என்று தடுக்கப்பட்டார், எப்போது எதனால் பழுதாகி எவரால் சீரானது. வீட்டிலுள்ள மூத்த பெண்களையே முதலில் கேட்க வேண்டும். சாமான்களைத் துடைத்தவர்களும் துலக்கியவர்களும் அவர்களே. சாமானை விற்பதானாலும் பிரதியொன்றை அதனோடு ஒட்டியனுப்பலாம். வாங்குபவரும் அதை மதிப்பார். கோயிலில் விளக்கெரிக்க ஒருவர் விட்ட ஆட்டைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த தேசம் இது. தன் பாட்டி படுத்த கட்டிலைப் பற்றிப் பத்து வரி எழுதி வைக்க நமக்கு முடியாதா? இந்தக் கோடை விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வரும்போது, அவர்களைக் கொண்டே எழுதத் தொடங்கலாம்.